‘டர்ன்’ என்னும் ஓர் ஆங்கிலச் சொல்



பள்ளித் திடலில் அணிவகுத்து நிற்கும்போது “கெ கானான், பூசிங்!” என்னும் கட்டளை எழுந்ததும் நீங்கள் அனைவரும் ஒருசேர வலப்பக்கம் திரும்புகின்றீர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அணிநடைக் கட்டளைகள் மலாய் மொழியில் இடப்படுகின்றன. இதே கட்டளையை ஆங்கிலத்தில் இடுவோர் “ரைட் டர்ன்!” என்பர். பின்புறம் திரும்புவதற்கு மலாயில் “கெ பெலாக்காங், பூசிங்!” என்றும், ஆங்கிலத்தில் “அபவ்ட் டர்ன்!” என்றும் கூறுவர். ‘டர்ன்’ என்றால் திரும்பு என்பது காலும் தோளும் சேர்ந்து கற்ற பாடம்; அதில் ஐயங்கொள்வார் எவருமிலர்.

ஐயம் எழுத்துத் தாளில்தான் பிறக்கின்றது. “மாலையில் அப்பா வீடு திரும்பினார்” என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், “ஃபாதர் டர்ன்ட் ஹோம்” என்று எழுதுவோர் உளர். “எனக்குத் தலை சுற்றுகிறது” என்பதற்கு “மை ஹெட் இஸ் டர்னிங்” என்று எழுதுவோர் உளர். கதைப் புத்தகத்தில் “ஷீ டர்ன்ட் டென்” என்பதைக் கண்டு, “அவள் பத்துப் பேரைத் திரும்பிப் பார்த்தாள்” என்று பொருள் சொல்வோரும் உளர். இவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்தவர்கள். பெரிய ஆங்கில அகராதிகளில் இச்சொல்லுக்கு மட்டுமே பத்தி பத்தியாகப் பொருள் எழுதியிருப்பதைக் கண்டால் அவர்கள் மலைத்துப் போவர். மலைக்கவேண்டுவதில்லை. இச்சொல்லின் உள்ளே இருப்பது ஒரே எண்ணந்தான். அதனைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே வந்து சேரும்.

கீழ்வகுப்பு மாணவரும் வாய்விட்டுப் படிக்கும் பொருட்டு ஆங்கிலத் தொடர்களைத் தமிழெழுத்திலேயே தந்துள்ளேன். உங்கள் குறிப்பேட்டில் அவற்றை ஆங்கில எழுத்தால் எழுதிக்கொள்க.

முதற்கண் இச்சொல்லின் பிறப்பைக் காண்போம். பழங்காலக் கிரேக்கர், வட்டம் வரையும் கருவியையும் மரங்கடையும் பொறியையும் ‘தோர்னோஸ்’ என்றனர். அச்சொல் இலத்தீன் மொழிக்குச் சென்று, பொறியில் வைத்துச் சுழற்றிக் கடைதல் என்னும் பொருளில் ‘தோர்னாரே’ என்னும் வினையாயிற்று. அங்கிருந்து பழைய ஆங்கிலத்துள் நுழைந்தது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பிரெஞ்சு மொழியின் வழியாக மீண்டும் ஒருமுறை வந்து வலுப்பெற்றது. ஆகவே ‘டர்ன்’ என்பதன் அடியில் இருப்பது தச்சனின் கடைசற் பொறி. பம்பரமும் தொட்டிற்காலும் கடைபவரை ஆங்கிலத்தில் இன்றும் ‘டர்னர்’ என்றே அழைக்கின்றனர். ஆங்கிலேயரிடையே அது குடும்பப் பெயராகவும் வழங்குகின்றது.

நம் மொழியிலும் மத்தைச் சுழற்றி மோர் எடுப்பதும் கடைதலே. மரத்தைச் சுழற்றி உருவம் எடுப்பதும் கடைதலே. சுழற்சி என்னும் எண்ணத்தை இரு மொழியினரும் ஒரே மாதிரி கண்டிருக்கின்றனர். இன்னும் ஒன்று கூறலாம். ‘டூர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். ஊரைச் சுற்றி வருவதுதானே ‘டூர்’? அதனை நாம் சுற்றுலா என்கின்றோம். மலாய்க்காரர் பொழுதுபோக்காக ஊர் சுற்றி வருவதைப் ‘பூசிங்-பூசிங்’ என்பர். மூன்று மொழியிலும் சுற்றுதலே அடியிற் கிடக்கின்றது. (பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கு அருகில், பூசிங் என்ற பெயரில் ஓர் ஊரே இருக்கின்றது.)

இனி, பிழை மிகுதியாக நேரும் இடத்திற்கு வருவோம். தமிழில் ‘திரும்பு’ என்பது மிகுந்த உழைப்பாளியான சொல். யாரோ அழைக்கத் தலையைத் திருப்பிப் பார்த்தாலும் திரும்பினான் என்கின்றோம். சந்தியில் வலப்பக்கம் போனாலும் திரும்பினான் என்கின்றோம். போன இடத்திலிருந்து மீண்டு வந்தாலும் திரும்பினான் என்கின்றோம். ஆங்கிலத்தில் முதலிரண்டுக்கே ‘டர்ன்’ உரியது. மூன்றாவதற்கு ‘ரிடர்ன்’ என்றோ, ‘கோ பேக்’, ‘கம் பேக்’ என்றோ எழுதவேண்டும்.

இவற்றை வேறுபடுத்திக் காண நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஓர் எளிய வழி வாய்த்திருக்கின்றது. ஐயம் எழும்போது அத்தொடரை மலாயில் சொல்லிப் பாருங்கள். தலையைத் திருப்பிப் பார்த்தல் ‘தோலே’. சாலையில் ஒரு பக்கம் திரும்புதல் ‘பெலோக்’. நின்ற இடத்திலேயே உடலைத் திருப்புதல் ‘பூசிங்’. இம்மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘டர்ன்’ பொருந்தும். வீடு திரும்புதலோ ‘பாலிக்’. அச்சொல் உங்கள் வாயில் வந்துவிட்டால் ‘டர்ன்’ என்பதைத் தொடாதீர்கள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே பையில் சுமக்கும் பிள்ளைக்குச் சுமை மூன்று மடங்கு என்று இரங்குவோர், இந்த வசதியைக் கணக்கிற் கொள்வதில்லை.

‘டர்ன் பேக்’ என்று ஒன்று உண்டே என்று கூர்மையான மாணவர் கேட்கக்கூடும். உண்டு. போய்க்கொண்டிருப்பவர் போகவேண்டிய இடத்தை அடையாமலே பாதி வழியில் திரும்பிவிடுவது அது. “சாலையில் வெள்ளம் நின்றதால் பேருந்து பாதி வழியில் திரும்பிவிட்டது” என்பதற்கு “த பஸ் டர்ன்ட் பேக்” என்க. “பேருந்து மாலையில் திரும்பியது” என்பதற்கு “த பஸ் ரிடர்ன்ட் இன் த ஈவினிங்” என்க. முன்னதில் பயணம் முறிந்தது, பின்னதில் நிறைவேறியது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் நிற்பதால், எது என்று நாமே எண்ணிப் பார்த்துத்தான் எழுதவேண்டும்.

சாலையைப் பற்றிய பேச்சில் மற்றொன்று. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை வளைந்து வளைந்து செல்வதை அறிவீர்கள். அவ்வளைவுகளை ஆங்கிலத்தில் ‘பெண்ட்’ என்பதே தெளிவு. ஒரு சாலையை விட்டு மற்றொரு சாலைக்குப் பிரியும் இடமே ‘டர்னிங்’. “சர்க்கஸ் கூடாரம் எங்கே இருக்கிறது?” என்று கேட்பவருக்கு “இரண்டாவது ‘டர்னிங்’ வந்ததும் இடப்பக்கம்” என்று நீங்கள் வழிகாட்டினால், அவர் வளைவுகளை எண்ணாமல் பிரியும் சாலைகளை எண்ணிக்கொண்டு போவார். நெடுஞ்சாலைகளில் ‘பூசிங்ஙான் யூ’ என்று எழுதிய பலகையைக் கண்டிருப்பீர்கள். அதுவே ஆங்கிலத்தில் ‘யூ டர்ன்’. அவ்வெழுத்தின் வடிவைப்போலவே வண்டி வளைந்து, வந்த திசைக்கே திரும்புவதால் வந்த பெயர்.

அடுத்து இலக்கணம். தமிழில் திரும்பினான் என்பது தன்வினை. திருப்பினான் என்பது பிறவினை. சிறுவன் திரும்பினான், சிறுவன் பக்கத்தைத் திருப்பினான். ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாயிற்று, பொருள் மாறிற்று. சுழன்றது, சுழற்றினான், உருண்டது, உருட்டினான், மாறியது, மாற்றினான் என்பனவும் இவ்வாறே. ஆங்கிலத்தில் ‘டர்ன்’ என்னும் சொல்லுக்கு இவ்வேறுபாடு கிடையாது. “த பாய் டர்ன்ட்” என்பதிலும் “த பாய் டர்ன்ட் த பேஜ்” என்பதிலும் வினை ஒன்றே. அப்படியாயின் வேறுபாட்டை எப்படி அறிவது? வினைக்குப் பின்னால் ஒரு பொருளின் பெயர் நிற்கின்றதா என்று பார்க்கவேண்டும். நின்றால் திருப்பினான், நில்லாவிடில் திரும்பினான். அதாவது, செயப்படுபொருளைத் தேடவேண்டும். செயப்படுபொருள் என்பது என்னவென்று தமிழ் வகுப்பில் நன்றாகக் கற்ற பிள்ளை, ஆங்கில வகுப்பில் இவ்விடத்தை ஒரு நொடியில் தாண்டிவிடும்.

இதனைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆங்கிலம் வரவேண்டுமாயின் தமிழைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்று எண்ணும் பெற்றோர் இன்றும் பலர் இருக்கின்றனர். பிள்ளையை எந்தப் பள்ளியிற் சேர்ப்பது என்று முடிவு செய்யும் நாளில் இவ்வெண்ணமே பல இல்லங்களில் தீர்ப்புச் சொல்கின்றது. அவர்களுடைய கவலை உண்மையானது. பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றியது. ஆயினும், திரும்பு, திருப்பு, திருகு, திரி என்னும் நான்கின் வேறுபாட்டை உணர்ந்த பிள்ளைக்கு ‘டர்ன்’ என்பதை விளக்கக் கால்மணி நேரம் போதும். அவ்வேறுபாட்டை அறியாத பிள்ளைக்கு எந்த மொழியிலிருந்து விளக்குவது?

பொருள்களைத் திருப்பும் இடங்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் சாவியையும் ‘டர்ன்’ செய்வர், தோசையையும் ‘டர்ன்’ செய்வர், மண்ணையும் ‘டர்ன்’ செய்வர். தமிழிலோ சாவியைத் திருகுகின்றோம், தோசையைப் புரட்டிப் போடுகின்றோம், மண்ணைக் கிளறுகின்றோம், வாளியைக் கவிழ்க்கின்றோம், சக்கரத்தைச் சுழற்றுகின்றோம். தோசையைக் கிளறினால் என்ன ஆகும் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள்! ஒவ்வொரு செயலுக்கும் கை அசையும் விதம் வேறு. அவ்விதத்திற்கேற்பத் தமிழ்ச் சொல்லும் வேறு. ஆங்கிலம் அவ்வசைவுகளை ‘ஓவர்’, ‘அப்சைட் டவுன்’, ‘ரவுண்ட்’ முதலிய துணைச்சொற்களைச் சேர்த்துக் காட்டும். தேர்வுத்தாளின் அடியில் சில வேளைகளில் பி.டி.ஓ. என்னும் மூன்றெழுத்து காணப்படும். “ப்ளீஸ் டர்ன் ஓவர்” என்பதன் சுருக்கம் அது. மறுபக்கம் பார்க்க என்பது பொருள். அதைக் கவனியாமல் பின்பக்கத்து வினாக்களை விட்டுவிட்டு, முதல் ஆளாகத் தாளைக் கொடுத்துவிட்டு வருவோர் ஆண்டுதோறும் சிலர் இருக்கவே செய்கின்றனர்.

இப்போது இச்சொல்லின் மிகச் சுவையான பகுதிக்கு வந்துவிட்டோம். காலையில் வாங்கிய பால் மாலையில் கெட்டுப்போனால் நம் வீட்டில் என்ன சொல்கின்றோம்? “பால் திரிந்துவிட்டது.” ஆங்கிலேயர் என்ன சொல்வர்? “த மில்க் ஹாஸ் டர்ன்ட்.” திரிதல் என்பதற்குச் சுழலுதல், முறுகுதல் என்னும் பொருளும் உண்டு. மாவரைக்கச் சுழலும் கல்லுக்குத் திரிகை என்று பெயர். முறுக்கிய நூலுக்குத் திரி என்று பெயர். அதையே விளக்கில் இடுகின்றோம். அந்தச் சொல்லே, ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுவதையும் குறிக்கின்றது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிந்தது என்று இலக்கணம் கூறுவதும் இதே பொருளில்தான். திசை மாறுவதும் தன்மை மாறுவதும் ஒன்றுக்கொன்று உறவுடையன என்பதைத் தமிழரும் கண்டனர், ஆங்கிலேயரும் கண்டனர். ஆகவே ‘டர்ன்’ என்பதற்கு ‘மாறு’, ‘ஆகு’ என்னும் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று வியக்கும் மாணவர், திரிந்த பாலை நினைத்துக்கொண்டால் போதும்.

இப்பொருளில் ‘டர்ன்’ பெரும்பாலும் நிறம், வயது, வானிலை, சுவை ஆகியவற்றோடு வரும். “த லீஃப் டர்ன்ட் எல்லோ”, “ஹிஸ் ஹேர் டர்ன்ட் கிரே”, “ஹெர் ஃபேஸ் டர்ன்ட் ரெட்”, “த ஸ்கை டர்ன்ட் டார்க்.” இவற்றைத் தமிழாக்கும்போது, இலை மஞ்சளாக மாறியது, முடி நரையாக மாறியது, முகம் சிவப்பாக மாறியது, வானம் இருளாக மாறியது என்று எழுதும் வழக்கம் பரவி வருகின்றது. இது தமிழ் உடுத்த ஆங்கிலம். இலை பழுத்தது, முடி நரைத்தது, முகம் சிவந்தது, வானம் இருண்டது. நிறத்தையே வினையாக்கும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு. கறுத்தது, வெளுத்தது, சிவந்தது என்று ஒரே சொல்லில் முடிவதை ஏன் இரண்டாக்கவேண்டும்? இதைப்போலவே “ஷீ டர்ன்ட் டென்” என்பது “அவளுக்குப் பத்து வயது ஆயிற்று” என்பதாகும். அப்பத்துக்குப் பின்னால் ஆட்கள் எவரும் ஒளிந்திருக்கவில்லை.

ஒரு பொருள் முற்றிலும் வேறு பொருளாகும்போது மட்டும் ‘இன்டு’ என்பதைச் சேர்க்கவேண்டும். கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சி ஆயிற்று என்பதற்கு “டர்ன்ட் இன்டு எ பட்டர்ஃபிளை” என்க. “என் அக்காள் ஆசிரியை ஆனார்” என்னும்போதோ ‘டர்ன்’ வாராது. ‘பிகேம்’ என்றே எழுதுக. அக்காள் படித்துத் தேறி ஆசிரியை ஆனாரேயன்றி, மந்திரத்தால் உருமாறி ஆகவில்லை!

விளக்கையும் குழாயையும் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் நாட்டில் “ஓபன் த லைட்”, “க்ளோஸ் த ஃபேன்” என்று பேசுவோரைக் காணலாம். மலாயில் ‘புக்கா லம்பு’, ‘தூத்துப் லம்பு’ என்பது வழக்கு. அதனை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிடுகின்றனர். ஆங்கிலத்தில் ‘ஓபன் த லைட்’ என்றால் விளக்கின் மூடியைக் கழற்றிப் பிரிப்பது போன்ற பொருளைத் தரும். ‘டர்ன் ஆன்’, ‘டர்ன் ஆஃப்’ என்பனவே உரியவை. இன்று பொத்தானை அழுத்துகின்றோமே, திருகுவது எங்கே என்று கேட்கலாம். நீர்க்குழாய்க்கும் பழைய எரிவாயு விளக்குக்கும் திருகும் பிடிகள் இருந்தன. அவற்றைத் திருகினால் நீரும் வாயுவும் வரும், மறுபக்கம் திருகினால் நிற்கும். பிடி போயிற்று, சொல் நின்றுவிட்டது. மின்சாரம் வாராத நாளில் தோட்டத்து வீடுகளில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கை உங்கள் பாட்டி தாத்தாவிடம் கேட்டால் சொல்வார்கள். அதன் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். திருகினால் திரி மேலே ஏறும், ஒளி பெருகும். அது ‘டர்ன் அப்’. மறுபக்கம் திருகினால் திரி இறங்கும், ஒளி குறையும். அது ‘டர்ன் டவுன்’. இன்று வானொலியின் ஒலியைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் அவையே வழங்குகின்றன. ஆனால் ஒருவருடைய வேண்டுகோளை ‘டர்ன் டவுன்’ செய்தார் என்றால் மறுத்துவிட்டார் என்பது பொருள். ஒருவர் விருந்துக்கு ‘டர்ன் அப்’ ஆனார் என்றால் வந்து சேர்ந்தார் என்பது பொருள். இவற்றை வேரிலிருந்து பிடித்திழுக்க முயலாமல், தொடரோடு சேர்த்து நினைவில் இருத்திக்கொள்வதே நலம்.

இச்சொல் பெயராக வரும்போது உங்களுக்கு மிகவும் பழக்கமானது “இட் இஸ் மை டர்ன்” என்பது. பல்லாங்குழியோ சொங்காக்கோ ஆடும்போது, “இப்ப என் டர்ன்” என்று தமிழிலேயே சொல்லிச் சண்டையிடுகின்றீர்கள். ஆடுவோர் வட்டமாக அமர்ந்திருக்க, ஆட்டம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றி வருவதை எண்ணிப் பாருங்கள். இங்கும் அதே சுழற்சி. மலாயில் இது ‘கிலிரான்’; தமிழில் ‘முறை’. ‘என் முறை’ என்று சொன்னால் ஆட்டத்தில் காய் ஒன்றும் குறைந்துவிடாது. இருவர் ஒரே மிதிவண்டியை மாறி மாறி ஓட்டுவதை ‘டேக் டர்ன்ஸ்’ என்பர்.

ஒத்த தோற்றமும் வேறு பொருளும் உடைய தொடர் ஒன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ‘டர்ன் ஒன்ஸ் பேக்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் முதுகைத் திருப்புதல் என்றாகும். தமிழில் புறங்காட்டுதல், புறமுதுகிடுதல் என்பன போர்க்களத்தில் அஞ்சி ஓடுவதைக் குறிப்பன. ஆங்கிலத்தில், “ஹீ டர்ன்ட் ஹிஸ் பேக் ஆன் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்” என்றால் நண்பர்களைக் கைவிட்டான் என்பது பொருள். அங்கே ஓடியவன் கோழை. இங்கே திரும்பியவன் நன்றியில்லாதவன். முதுகு ஒன்றேயாயினும் இகழ்ச்சி வேறு.

இனிப் பயிற்சி. பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுக. எவற்றிற்கு ‘டர்ன்’ வரும், எவற்றிற்கு வாராது என்பதை முதலில் முடிவு செய்துகொள்க. அத்தை நேற்று ஈப்போவிலிருந்து திரும்பினார். மணி அடித்ததும் எல்லாரும் வாசலை நோக்கித் திரும்பினர். தம்பிக்கு அடுத்த மாதம் ஏழு வயது ஆகின்றது. மழை நீர் சேர்ந்ததால் ஆறு கலங்கியது. வானொலியின் ஒலியைச் சற்றுக் குறை. கடையில் வாங்கிய தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. வெயிலில் நின்றதால் எனக்குத் தலை சுற்றியது. தாத்தா கடனைத் திருப்பிக் கொடுத்தார். கடைசித் தொடரில் ‘திருப்பி’ இருக்கின்றது என்பதற்காக ஏமாந்துவிடாதீர்கள்; மலாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதி, உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் காட்டுங்கள்.